அக்கி வந்தால் முதல் மூன்று நாள்தான் முக்கியம்

என் அப்பாவுக்கு அக்கி வந்தபோது ஐந்து நாளை நாங்கள் வீணாக்கினோம். முதலில் இரண்டு நாள் வலது விலாவில் சுருக் சுருக்கென்று வலி. எதையோ கனமாகத் தூக்கியிருப்பார், தசை பிடித்திருக்கும் என்று வலி மருந்து தேய்த்துவிட்டோம். மூன்றாம் நாள் அதே இடத்தில் சிவப்பாக நாலைந்து புள்ளி தெரிந்தது, பூச்சி கடித்திருக்கும் என்றோம். அப்புறம் முதுகில் தொடங்கி விலா வழியாக வயிறு வரைக்கும் ஒரு பட்டையாகக் கொப்புளம் கிளம்பி, ராத்திரி தூங்க முடியாமல் அவர் எழுந்து உட்கார்ந்த பிறகுதான், எட்டாம் நாள் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி எட்டு மாதம் இருந்தது. பனியன் துணி உரசினாலே துடித்துப்போவார், மின்விசிறிக் காற்று பட்டால்கூட எரியும், அதனால் ஒரு கையால் துணியை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நடப்பார். அந்தக் கை அந்தரத்தில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சீக்கிரம் போயிருந்தால் இந்த வலி வந்தே இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் இந்த நோயில் நம் கையில் இருக்கும் ஒரே விஷயம் நேரம், அதை நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சரி, அக்கி என்றால் என்ன? முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: அது வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டிருக்கும் இல்லையா, அதே வைரஸ்தான். பெயர் வேரிசெல்லா ஜோஸ்டர். அம்மை இறங்கியதும் உடம்பை விட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறோம், அது போவதில்லை. தோலில் இருந்து நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கும் நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்கான நரம்பின் முடிச்சிலும் போய்ப் பதுங்கிவிடுகிறது. முப்பது வருடம், ஐம்பது வருடம், பலருக்குச் சாகும்வரை அங்கேயே தூங்கும். நம் எதிர்ப்பு சக்தி அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. வயதாகும்போதோ, புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, எச்ஐவி போன்ற காரணங்களாலோ அந்தக் காவல் தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சில் இருக்கும் வைரஸ் மட்டும் விழித்துக்கொண்டு, ஏறி வந்த அதே நரம்பு வழியாகத் திரும்பத் தோலுக்கு இறங்கி வருகிறது.

இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி இல்லை. எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற மருத்துவர், இங்கிலாந்தில் சிரென்செஸ்டர் என்ற சிறிய ஊரில் குடும்ப வைத்தியம் பார்த்தவர். தன்னிடம் வந்த நோயாளிகளைப் பதினாறு வருடம் பொறுமையாகக் குறித்துவைத்து, அக்கி என்பது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அம்மை வைரஸ் மறுபடி எழுவதுதான் என்று 1965-இல் எழுதினார். அது சரிதான் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. நோயாளியை வருடக்கணக்கில் கூர்ந்து பார்ப்பதே ஒரு ஆராய்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சின்னம்மை வந்த எல்லோருக்குள்ளும் இந்த வைரஸ் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது அக்கி வருகிறது. ஐம்பது வயதுக்கு மேல் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் "எனக்கு எப்படி வந்தது, யாரிடமிருந்து தொற்றியது, என்ன சாப்பிட்டேன்" என்று யோசித்து மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். யாரும் உங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரு நரம்புக்குள் நடக்கும் விஷயம் என்பதால், அந்த நரம்பு போய்ச் சேரும் தோல் பட்டையில் மட்டும்தான் அக்கி வரும். உடம்பின் ஒரு பக்கம்தான், நடுக்கோட்டைத் தாண்டாது. நெஞ்சு, விலா, இடுப்பைச் சுற்றி வருவதுதான் அதிகம், அதற்கு அடுத்து நெற்றியும் கண்ணும். அரைப் பெல்ட் போட்டது மாதிரி இருக்கும். இரண்டு முனையும் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பயம் மக்களிடம் உண்டு. வலப் பக்க நரம்பு வேறு, இடப் பக்க நரம்பு வேறு, அதனால் அது பொதுவாகச் சுற்றி வந்து சேர்வதே இல்லை.

வலிதான் பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும். சாதாரணமாக ஒன்றிலிருந்து ஐந்து நாள் முன்னாலேயே எரிச்சல், குத்தல், விண்விண் என்று தெறிப்பது, மரத்துப்போனது போல ஒரு உணர்வு, சிலருக்கு அரிப்பு. கூடவே லேசான காய்ச்சல், அசதி இருக்கலாம். இந்தக் கட்டத்தில் மருத்துவருக்கே ஏமாற்றமாகிவிடும்: இடது நெஞ்சில் வந்தால் இதய வலி, வலது விலாவில் வந்தால் பித்தப்பை, இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் என்று எல்லாவற்றின் வேஷமும் போடும். (அதற்காக நெஞ்சு வலியை நீங்களாகவே "அக்கியாக இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.)

தசைப் பிடிப்பா, நரம்பு வலியா என்று குழப்பமாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். வலிக்கும் இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டால் மெல்ல வருடுங்கள், பிறகு உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். தசை வலி என்றால் அழுத்தும்போது வலிக்கும், வருடினால் ஒன்றும் தெரியாது. அக்கியில் பல நேரம் தலைகீழ், அழுத்தினால் பொறுத்துக்கொள்ளலாம், பஞ்சு பட்டால் தீப்பட்டது போல எரியும். இதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் சட்டை உரசினால் எரிகிறது என்று யாராவது சொன்னால், அன்று முதல் காலையும் மாலையும் சட்டையைக் கழற்றி அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முதுகு என்றால் இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்கள் செல்போனில் படம் எடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் சிவந்த திட்டு, அதன் மேல் கொத்துக் கொத்தாக நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும், பிறகு நீர் கலங்கி, ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும். கொப்புளமே வராமல் வலி மட்டும் வருவதும் உண்டு, அது அரிது, மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

72 மணி நேரம்

முதல் புள்ளி தெரிந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். வலி தொடங்கியதிலிருந்து அல்ல, புள்ளி தெரிந்ததிலிருந்து. இந்த மாத்திரை வைரஸைக் கொன்று துடைத்து எடுத்துவிடாது, அது பெருகுவதைத் தடுக்கும். அதனால்தான் பெருகி முடித்த பிறகு கொடுத்தால் பலன் குறைகிறது. சீக்கிரம் தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் ஆறும், அந்த நேரத்து வலியும் குறையும். வெள்ளிக்கிழமை ராத்திரி புள்ளி தெரிந்தால் திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், கணக்குப் பண்ணிப் பாருங்கள், திங்கள் ராத்திரியோடு நேரம் முடிந்துவிடுகிறது.

பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதித் தருவது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். இல்லையென்றால் வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை, அல்லது ஃபாம்சைக்ளோவிர் 500 மில்லிகிராம் மூன்று வேளை, அதுவும் ஏழு நாள். அளவைத் தெரிந்துவைத்துக்கொள்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், கடையில் நீங்களே கேட்டு வாங்குவதற்கு அல்ல. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மருந்து உடம்பில் தேங்கிக் குழப்பம், தடுமாற்றம் என்று வேறு வினை வந்து சேரும். ஐந்து வேளை என்பது நடைமுறையில் கஷ்டம்தான். காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7, 11 என்று செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள், தூக்கத்தில் எழுப்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஐந்து வேளை நினைவு வைக்க முடியாது என்று தோன்றினால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள், மூன்று வேளை மாத்திரையாக மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இந்த அசைக்ளோவிருக்குப் பின்னால் இருப்பவர் ஜெர்ட்ரூட் எலியன் என்ற வேதியியல் அறிஞர். அவருடைய குழுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியது. 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால்தான் இந்த மருந்து விழிக்கும், நல்ல செல்களில் அநேகமாகச் சும்மா இருக்கும். அதனால்தான் வேறு நோய்களுக்கு எத்தனையோ மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் இதைக் கவனத்தோடு கொடுக்க முடிகிறது.

72 மணி நேரம் தாண்டிவிட்டதா? அப்போதும் போங்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண்ணோ காதோ பாதிக்கப்பட்டிருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றாலோ தாமதமானாலும் மாத்திரை தருவார்கள். இன்னொன்று, அசைக்ளோவிர் களிம்பை மட்டும் தடவிக்கொண்டு இருப்பது வீண் வேலை. சண்டை நரம்புக்குள் நடக்கிறது, களிம்பு அங்கே போய்ச் சேராது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, புண்ணில் சீழ் பிடித்தால்தான் அதற்கு வேலை. வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது முதல் புள்ளியை எந்த நாள், எந்த நேரம் பார்த்தீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சிறுநீரகக் கோளாறு உண்டா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் "ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் பெரிய கலவரமே நடந்ததுண்டு. ஹெர்ப்பிஸ் என்பது ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். அதில் உடலுறவு வழியாகத் தொற்றுவதும் உண்டு, உதட்டில் கொப்புளம் போடுவதும் உண்டு. அக்கி அந்தக் குடும்பத்தில் இன்னொரு ஆள், அவ்வளவுதான். யாருடைய ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நினைத்துக் கூச்சப்பட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உடனே ஓட வேண்டிய இடங்கள்

நெற்றியிலோ, கண் இமையிலோ, குறிப்பாக மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர். மூக்கு நுனிக்குப் போகும் அதே நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது, அதனால் மூக்கில் தெரிவது கண்ணுக்கு வரப்போவதன் அடையாளம். கண் சிவப்பு, கூச்சம், மங்கல் எல்லாம் வரும்வரை காத்திருந்தால் பார்வையே போகக்கூடும்.

காதைச் சுற்றியோ காதுக்குள்ளோ வலியும் கொப்புளமும் வந்து, அந்தப் பக்கம் வாய் கோணினால், கண்ணை மூட முடியாவிட்டால், தலை சுற்றினால், காது கேட்பது குறைந்தால், அதுவும் அவசரம். தாமதித்தால் முகக் கோணல் முழுசாகச் சரியாகாமல் போகலாம். ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெங்கும் கொப்புளம் பரவுவது, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம், இடுப்புக்குக் கீழே அக்கி வந்து சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, இதில் எதற்கும் அடுத்த நாள் என்று ஒன்று கிடையாது. கர்ப்பிணிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் எந்த இடத்தில் வந்தாலும் தாமதிக்காமல் போக வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

தினமும் குளிக்கலாம். சாதாரண சோப்பு, தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, போதும். எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் வையுங்கள், ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். அரிப்புக்குக் கேலமைன் தடவலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். பஞ்சை நேராக வைத்தால் புண்ணில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உயிர் போகும். ஒட்டாத கட்டுத் துணி என்று மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும், மேலே தளர்வான பருத்தி உடை.

கேட்கும் கேள்விகளில் முதல் கேள்வி: குழந்தைகள் பக்கத்தில் வரலாமா? அக்கி வந்தவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மையும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவருக்கு அது பட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை புண்ணை மூடி வையுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள், கட்டு மாற்றியதும் கை கழுவுங்கள். அம்மை வராத கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், இவர்கள் அந்த நாட்களில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பயப்படாமல் பக்கத்தில் உட்காரலாம். தனி அறையில் அடைத்து, தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

வலி மாத்திரையை வலி உச்சிக்குப் போன பிறகு எடுக்காமல், மருத்துவர் சொன்ன நேரப்படி எடுக்க வேண்டும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், திரும்பப் போய்ச் சொல்லுங்கள். நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்பது குறைவு. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று எழுதித் தருவார்கள். இது வலிப்புக்குக் கொடுப்பது, அது மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்று மருந்துக் கடையிலோ இணையத்திலோ பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என் அப்பாவும் நிறுத்தினார். தறிகெட்டுத் தெறிக்கும் நரம்பை அமைதிப்படுத்தத்தான் அது, வேறு எதற்கும் அல்ல. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், பலன் தெரிய நாளாகும். தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம் என்பதால் பெரியவர்கள் ராத்திரி எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் உட்கார்ந்து பிறகு நடக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

புண் ஆறிய பிறகும் 90 நாளைத் தாண்டி வலி நின்றால் அதற்குத்தான் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று பெயர். அக்கி வந்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இது வரும், வயது கூடக்கூட அதிகம், முதலிலேயே வலி கடுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். வெளியே பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கும், அதனால் வீட்டில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். நானும் ஒருநாள் "அதுதான் ஆறிவிட்டதே அப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தோல்தான் ஆறியிருந்தது, நரம்பு அடிபட்டுத்தான் கிடந்தது. தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஒட்டு, மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் என்று இதற்கும் வழிகள் உண்டு, வலிக்கென்றே இருக்கும் மருத்துவர்களும் உண்டு. தூக்கமும் பசியும் போய், யாரோடும் பேசாமல் ஒடுங்கிவிட்டால் அதையும் வலியின் கணக்கில் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்கி வந்த பிறகு சில வாரங்களுக்கு, முக்கியமாகக் கண் பக்கம் வந்தவர்களுக்கு, பக்கவாதம் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது, ஆகவே ரத்த அழுத்த மாத்திரையை அந்தச் சமயத்தில் விட்டுவிடாதீர்கள்.

வராமல் தடுக்க

ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாகி தகஹாஷி, தன் சின்ன மகன் சின்னம்மையில் பட்ட அவதியைப் பார்த்துவிட்டு அதற்கான தடுப்பூசியை 1974-இல் உருவாக்கினார். அது குழந்தைகளுக்கானது. அக்கிக்கு இப்போது பெரியவர்களுக்குப் போடுவது ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி, 2017-இல் வந்தது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் ஒரு புரதம் மட்டும்தான், அதனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் போட முடிகிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்கியைத் தடுத்ததாகச் சோதனைகள் காட்டின. எழுபதைத் தாண்டியவர்களுக்கும் பலன் பெரிதாகக் குறையவில்லை, வயதானவர்களுக்கான தடுப்பூசிகளில் இது சாதாரண விஷயமில்லை.

ஏற்கெனவே அக்கி வந்துபோனவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் மறுபடியும் வரக்கூடும், ஆனால் புண் முழுசாக ஆறின பிறகு. வந்துவிட்ட அக்கியை இந்த ஊசி குணப்படுத்தாது. போட்ட பிறகு கை நன்றாக வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும், முதல் ஊசியில் இப்படிப் பட்டுவிட்டு இரண்டாவதைப் போடாமல் விடுபவர்கள் நிறைய. இரண்டும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு மாதத்திலேயே போடலாம். முதல் ஊசி போட்ட அன்றைக்கே இரண்டாவதன் தேதியைச் செல்போனில் குறித்துவிடுங்கள், அதற்கு அடுத்த இரண்டு நாளில் வெளியூர்ப் பயணமோ கனமான வேலையோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.